இடமிருந்து மூன்றாவது குரல்

ஹமாவின் கொல்லையில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. தெருவுக்குச் சொந்தமான கம்பம் இல்லை. ஹமா தன் கைக்காசைப் போட்டு வாங்கி, பிளம் மரத்துக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்ட கம்பம். உச்சியில் பானை மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதுவும் அவருடையதுதான். மனிதனாகப் பிறந்தவன் வீடு வாங்குவான், கார் வாங்குவான், கொஞ்சம் கிறுக்கு இருந்தால் படகு வாங்குவான். பாட்டு கேட்பதற்காக மின்கம்பம் வாங்குவானா? ஜப்பானில், ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஒகாயாவில் வாங்குவான்.

கினுயோ கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் கம்பத்தின் மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது. அறுபது வயதுக்கு அவள் பார்க்காத அதிசயமா? ஏரி உறைந்து பிளந்து இடி மாதிரி சத்தம் போடுவதைப் பார்த்தவள். ஆனாலும் இது புதுசு.

"என்ன வீட்டம்மா, அப்படிப் பாக்கறீங்க? கட்டிப் புடிச்சுக்கணும்போல இருக்கா?" என்றார் ஹமா. சாராயக் கடைக்காரர், குரல் எப்போதும் ஒரு படி மேலேதான் இருக்கும்.

"துணி காயப்போடக் கொடி கட்டலாமான்னு பாக்கறேன் ஹமா சான்."

"ஐயோ, என் பொண்டாட்டியும் மொத நாளு இதையேதான் கேட்டா! சோறாக்குற குக்கரைக்கூட இதுல சொருக விடலை நான். அந்தக் கோபம் இன்னும் தீரல அவளுக்கு."

கினுயோவின் கணவர் தெத்சுரோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்கு வந்தவர் மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தெருக் கம்பத்துலேர்ந்து வர்ற கரன்ட் இருக்கே, அது பொதுக் குளியல்தொட்டித் தண்ணி மாதிரி" என்று ஹமா அவளுக்கு விளக்கினார். "எதிர்த்தாப்ல சலூன்காரன் முடி காயவைக்கிற மெஷினைப் போடறான். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் உதறுது. எல்லா அழுக்கும் கலந்துதான் உங்க வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வருது. இது அப்படி இல்ல. என் ஒருத்தனுக்கு மட்டும் ஊத்துற தண்ணி."

உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தார். அலமாரி உயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அவர் ஊசியை இறக்கினார். ஏதோ வெளிநாட்டு ஊரில், அவள் பிறப்பதற்கு முன்னாலேயே பதிவான இசைத்தட்டாம். ஒருவர் பெரிய நரம்பு வாத்தியத்தை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். அந்த விரலின் தடிமன் கூடத் தெரிந்தது. திடீரென்று அவளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கினுயோ சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"தட்டுல இருக்கறதுதான்" என்று ஹமா சிரித்தார். "கம்பம் போடறதுக்கு முன்னால அந்த ஆளு இருந்ததே எனக்குத் தெரியாது."

கினுயோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தச் செருமல்காரர் செத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். எந்த ஊர்க்காரரோ, என்ன பேரோ. தொண்டையில் ஏதோ கரகரத்தது, செருமினார், அது ஒகாயாவில் ஒரு சாராயக் கடையின் பின்கட்டில் வந்து அவள் பிடரியில் விழுகிறது. அம்மாடி! இதெல்லாம் மனிதன் செய்கிற காரியமா?

திரும்பும்போது ஏரிக்கரை வழியாகவே நடந்தார்கள். வீடு நெருங்கும்போது தெத்சுரோ சொன்னார்: "பாத்தியா? ஒரு செருமலே வருதுன்னா, உன் குரல் வராதா?"

கினுயோ காதில் விழாதவள் மாதிரி நடையை எட்டிப் போட்டாள்.

அந்தக் குரல் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இவர்கள் கதையைச் சொல்ல முடியாது.

கினுயோ பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது சேர்ந்திசைக் குழுவில் இருந்தாள். நாற்பது பெண்கள். கடைசி வருடம் ஊர் மன்றத்தில் கச்சேரி வைத்து, அதை ஒலிப்பதிவு செய்து, தோக்கியோவுக்கு அனுப்பி இசைத்தட்டாக அச்சடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்று. ஒலிப்பதிவுக்கு வந்தவன் பக்கத்துத் தொழிற்பள்ளியின் ஒலிபரப்புக் குழுப் பையன். காது ரெண்டும் விடைத்த, மெலிந்த பையன். அவன்தான் தெத்சுரோ. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நின்ற பெண்ணைப் பார்த்தான். அவ்வளவுதான், ஆள் காலி.

தட்டு அச்சாகி வந்ததும் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிட்டார்கள். இவளுடையதை மட்டும் எப்படியோ கைப்பற்றிக்கொண்டு, பனியில் சைக்கிள் மிதித்து, வீட்டு வாசலுக்கே வந்தான். "உங்க குரல் இதுல இருக்கு" என்றான். "எங்க வீட்டுப் பொட்டில தெளிவா கேக்க மாட்டேங்குது. நான் வேலைக்குப் போயி நல்ல பொட்டி வாங்குவேன். அப்ப உங்களுக்குப் போட்டுக் காட்டறேன்."

இப்படியும் ஒருத்தன் பெண் கேட்பானா! கினுயோ அன்றைக்கே மயங்கிவிட்டாள்.

ஆனால் அந்தத் தட்டில் அவள் குரல் இல்லை.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் பாட்டு டீச்சர் அவளைச் செருப்பு அலமாரிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். "கினுயோ, உன் முகம் ரொம்ப லட்சணமா இருக்கு. முன்வரிசையிலேயே நில்லு. வாயை மட்டும் அழகா அசை. சத்தம் வெளில வர வேண்டாம். என்னம்மா, சரியா?" என்றார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, கன்னத்தைத் தட்டிச் சொன்னார். எல்லாப் பள்ளிக்கூடக் குழுவிலும் அப்படி ஒன்றிரண்டு ஊமை வாய்கள் இருக்கத்தான் செய்யும். யாரும் வெளியே சொல்வதில்லை. கினுயோவும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு டீச்சருக்குக் குனிந்து நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

அதோடு சரி. அப்புறம் அவள் எங்கேயும் பாடவில்லை. மிசோ என்கிற சோயா விழுது செய்யும் ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். வருஷக் கடைசி விருந்தில் எல்லாரும் மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாடும்போது இவள் கை தட்டிக்கொண்டிருப்பாள். மகள் அகிஹோ கைக்குழந்தையாக இருந்தபோது தாலாட்டுகூடக் கிடையாது. முதுகில் தட்டிக்கொண்டே காய்கறிப் பெயர்களைச் சொல்வாள். முள்ளங்கி, பூசணி, கத்திரி, வெங்காயம். குழந்தை அதற்கும் தூங்கத்தான் செய்தது.

தெத்சுரோ லென்ஸ் தேய்க்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். சொன்ன சொல் தவறவில்லை. முதல் போனஸில் ஆம்ப்ளிஃபயர். கல்யாணமான வருஷம் ஸ்பீக்கர். மகள் பள்ளிக்குப் போன வருஷம் தட்டு சுற்றும் மேடை. பிறகு ஒரு ஊசி. அதன் விலையைக் கேட்டு கினுயோ கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு சைக்கிள் விலையில் ஒரு ஊசி! அது மூக்குப்பொட்டு அளவுகூட இல்லை. ஒவ்வொன்று புதிதாக வந்தபோதும் முதலில் அந்தத் தட்டுதான் சுற்றும். அவளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைப்பார்.

"கேக்குதா? இடப்பக்கம், ரெண்டாவது ஹிசாகோ. அவ பக்கத்துல... கேக்குதா?"

"கொஞ்சமா கேக்குது" என்பாள் கினுயோ.

"கொஞ்சமாதான் கேக்கும். ஹிசாகோ அமுக்கறா. உன் மேல தப்பில்ல. இந்த ஆம்ப்ளிஃபயர் சரியில்ல."

எத்தனை தடவை அந்தக் 'கொஞ்சமா'வைச் சொல்லியிருப்பாள்! முதல் தடவை சொன்னபோது உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். கல்யாண விருந்தில் அவருடைய சிநேகிதன் எழுந்து இந்தக் கதையைச் சொல்லி, நூறு பேர் கை தட்டி, மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு எப்படிச் சொல்வது? அப்புறம் வருஷங்கள் போய்விட்டன.

ஒருதரம் அவர் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெரிய பூதக்கண்ணாடிக் கருவியைக் கடன் வாங்கி வந்து தட்டின் பள்ளத்தை அவளுக்குக் காட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கச் சுவரிலும் நெளிநெளியாக அலை. "இந்த நெளிவுதான் உங்க பாட்டு. நாப்பது பொண்ணுங்களும் இதுக்குள்ளதான் நிக்கறீங்க" என்றார். கினுயோ கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அடேயப்பா, முடி கனத்துக்குள் நாற்பது பெண்கள், மேடை, மன்றம், பனிக்கால மாலை! அதில் பாடுவது முப்பத்தொன்பது பேர்தான் என்று, டீச்சரை விட்டால், தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கண் எரிந்தது, நகர்ந்துகொண்டாள்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வந்த பணத்தில் பெரும்பகுதியை வயோதிகத்துக்கென்று தொடாமல் ஒதுக்கினார்கள். மீதி ஒரு தொகை குளியலறைக்கு. அந்தக் குளியலறை வடக்குப் பார்த்தது; ஜனவரியில் உள்ளே நின்றால் வாயிலிருந்து புகை வரும். தெத்சுரோவின் பெரியப்பா மகன் இப்படி ஒரு குளிரறையில் துணியைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற தொட்டியில் இறங்கியவர், குளிரும் சூடும் சட்டென்று மாறிய அதிர்ச்சியில் எழுந்திருக்கவே இல்லை. அதனால் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சூடாகும் தரை என்று கொத்தனார் வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஹமா வீட்டுக்குப் போய் வந்த மறுநாள், தெத்சுரோ போர்வை போர்த்திய கணப்பு மேசைக்குள் காலை நீட்டாமல், அதற்கு வெளியே மண்டி மடித்து நேராக உட்கார்ந்தார். பெண் கேட்க வந்தபோது அவள் அப்பா முன்னால் அப்படி உட்கார்ந்தவர், அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

"குளியலறையை இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாமா?" என்றார். "அந்தப் பணத்துல கம்பம் போட்டுறலாம்னு பாக்கறேன்."

"ஏங்க, அந்தக் குளிர்ல..."

"தெரியும். நான் ஹீட்டர் கொண்டுவந்து வைக்கிறேன். எனக்காகக் கேக்கல கினுயோ. காது டாக்டர்கிட்ட போயிருந்தேன்ல, உன்கிட்ட முழுசா சொல்லல. மேல் சுருதியெல்லாம் எனக்கு ஒவ்வொண்ணா கழண்டுக்கிட்டு வருதாம். அது திரும்பி வராதாம். இன்னும் கொஞ்ச வருஷம் போனா, உன் குரல் வந்து நின்னாலும் எனக்குக் கேக்காது." தலையைக் குனிந்துகொண்டார். "வாசல்ல வந்து வாக்குக் குடுத்தேன்ல."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கினுயோவின் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்த மனிதர் ஆயுசு பூராவும் துரத்தியது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். சொல்லாவிட்டால் இல்லாத குரலுக்காகக் கொல்லையில் கம்பம் முளைக்கும், அவர் ஒரு ஜனவரியில் குளியலறையில் விழுவார். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஓகுச்சி சானை ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாமே."

ஓகுச்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆடியோ கடை வைத்திருப்பவர். பாதி கடைகள் இழுத்து மூடிக் கிடக்கிற அந்தத் தெருவில் இவர் கடை மட்டும் எப்படி ஓடுகிறது என்பது யாருக்கும் விளங்காத சங்கதி. வாங்க வருகிறவன் கையைப் பிடித்துத் தடுக்கிற வியாபாரி அவர். மறுநாள் கினுயோ ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

"மறைக்காம சொல்லுங்க ஓகுச்சி சான். கம்பம் போட்டா என் குரல் கேக்குமா?"

அந்தத் தட்டின் கதை அவருக்கும் தெரியும். ஊரில் யாருக்குத் தெரியாது? ஓகுச்சி ஒரு ஊறுகாய்த் துண்டை வாயில் போட்டு மென்றார்.

"தட்டுல இருக்கறது வரும் வீட்டம்மா. இல்லாததை வரவழைக்கணும்னா, கரன்ட் எடுக்கற அணைக்கட்டையே கொண்டாந்து கொல்லையில கட்டினாலும் முடியாது."

கினுயோவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஓகுச்சி அதைக் கவனித்தாரோ இல்லையோ, பேச்சை மாற்றினார்.

"உங்க வீட்டு ஸ்பீக்கர் எது மேல நிக்குது தெரியுமா? மத்தளத்து மேல! எட்டுப் பாய் போட்ட ரூம், பாய்க்கு அடியில பலகை, பலகைக்கு அடியில வெறும் காத்து. ஸ்பீக்கர் ஒரு தட்டு தட்டினா தரை பத்து தட்டு தட்டுது. அதுக்கு மேல எதை மாத்தி என்ன? பலகையை அறுத்து, மண்ணைத் தோண்டி, கீழேர்ந்து ரெண்டு கான்கிரீட் தூண் எழுப்பி அது மேல ஸ்பீக்கரை வைக்கச் சொல்லி எவ்வளவு காலமா கத்தறேன்! உங்க வீட்டுக்காரரு கேட்டாத்தானே?"

"ஏன் கேக்கல?"

"ஒருத்தனும் கேக்க மாட்டான். ஆம்ப்ளிஃபயர் வாங்கினா நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாம். கம்பம் நட்டா ஊரே பாக்கும். தரைக்கு அடியில போட்ட காசை யாருக்குக் காட்டறது? கம்பத்துக்கு ஆகற செலவுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது. அதனாலயே மதிக்க மாட்டானுங்க."

கினுயோ அந்தத் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கணக்கு இதுதான்: தரையைச் சரிசெய்தால் குளிர்காலம் கழியும். அதில் குரல் கேட்கப் போவதில்லை. அவர் மறுபடி கம்பம் என்று ஆரம்பிப்பதற்குள் அவளும் வாயைத் திறக்கத் தைரியம் சேர்த்துக்கொள்வாள். கெட்டிக்காரத்தனமான கணக்கு என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டாள்.

தெத்சுரோ முதலில் முறுக்கிக்கொண்டார். "தரையா? தரை என்னத்தப் பண்ணுது?" என்றார். கினுயோ ஒற்றைக் காலில் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஆடியோ விஷயத்தில் ஒரு யோசனை சொல்கிறாள். அந்த ஆச்சரியத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

தச்சர் வந்து பாயைத் தூக்கினார். பலகையில் இரண்டு சதுரம் அறுத்தார். உள்ளே எட்டிப் பார்த்த கினுயோவுக்கு மூச்சு நின்றது. வீட்டுக்குள்ளேயே, அவர்கள் தினமும் டீ குடித்த இடத்துக்குக் கீழே, வீடு கட்டிய நாளிலிருந்து வெளிச்சம் படாத மண். பழைய குளிர் வாசனை. தெத்சுரோவே இறங்கித் தோண்டினார், சிமென்ட் கலந்தார். தூண் இறுகுகிற வரைக்கும் ஓட்டை வழியாகக் காற்று வந்து இருவரையும் நடுக்கியது.

ஹமா ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, ஸ்பீக்கருக்குக் கல்லறை கட்டறியா?" என்றார்.

"என் பொண்டாட்டி சொன்னா. செய்யறேன்" என்றார் தெத்சுரோ, மண்ணுக்குள்ளிருந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் தயாரானது. காலையிலிருந்து பனி கொட்டி, ஊரே பஞ்சு வைத்து மூடினாற்போல் அடங்கியிருந்தது. தெத்சுரோ வழக்கம்போல ஃபிரிட்ஜை அணைத்தார். ஹீட்டரையும் அணைத்தார். கினுயோ பஞ்சுச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'கொஞ்சமா கேக்குது' நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஊசி இறங்கியது.

அந்தத் தட்டு இத்தனை காலமும் பக்கத்து வீட்டில் கேட்கிற பாட்டு மாதிரிதான் கேட்கும். இன்றைக்குப் பாட்டுக்கு முன்னாலேயே மன்றம் வந்துவிட்டது. ஆமாம், மன்றமே வந்து அந்த எட்டுப் பாய் அறைக்குள் நின்றது. கூரை எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு உஸ் என்றது. பின்னால் யாரோ இரும்பு நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். மொத்தமாக ஒரு பாட்டு இல்லை. ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, தன் இடத்தில், தன் உயரத்தில் நின்று பாடினாள். இரண்டாவது ஹிசாகோ. நான்காவது மசுயே, டோஃபு கடை மசுயே! போன வருஷம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். பதினேழு வயதில், கைநீட்டினால் தொடலாம் போல நின்று பாடிக்கொண்டிருந்தாள். கினுயோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது. இரண்டு சிமென்ட் தூண்! இரண்டு சிமென்ட் தூண் செய்த வேலையா இது?

தெத்சுரோ கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலால் சுட்டிக்கொண்டே வந்தார். ஒன்று. இரண்டு. விரல் நின்றது. நான்கு. மறுபடி இரண்டுக்கு வந்தது. நின்றது. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு ஓட்டை. அங்கே அடுப்பின் உஸ் மட்டும் கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். எழுந்து போய் ஊசியைத் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். மறுபடியும் அதே ஓட்டை. முகத்தில் குழப்பம். அவள் பக்கம் திரும்பவே இல்லை. தப்பு எங்கே என்று ஆம்ப்ளிஃபயரைத்தான் பார்த்தார். அதைத்தான் கினுயோவால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க" என்றாள். "மிஷின்ல தப்பில்லைங்க. அங்க யாரும் பாடல."

ஊசியைத் தூக்கினார்.

செருப்பு அலமாரிப் பக்கம் டீச்சர் சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"பாடவே இல்லியா?"

"இல்ல."

"ஒரு வரி கூடவா?"

"ஒரு எழுத்து கூட இல்லைங்க."

"அப்ப கொஞ்சமா கேக்குது, கொஞ்சமா கேக்குதுன்னியே? இத்தனை வருஷமா?"

"நீங்க அவ்வளவு ஆசையா மூஞ்சியப் பாத்துக் கேட்டீங்க. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

தெத்சுரோ எழுந்து வாசலுக்குப் போனார். கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் மண்வாரியால் பனியை வாரித் தள்ளுகிற சத்தம் கேட்டது. வாசலை வாரினார். தெருவரைக்கும் வாரினார். பிறகு சத்தம் தள்ளிப் போயிற்று. பக்கத்து வீட்டு வாசலையும் வாரிக்கொண்டிருந்தார் மனிதர். கினுயோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மூக்கும் காதும் சிவந்திருந்தன. கையைக் கழுவித் துடைத்தார். தட்டைத் தூரிகையால் சுத்தம் செய்தார்.

"கண்ணை மூடு" என்றார். "பாட்டைக் கேக்காத. பாட்டுக்கு முன்னாடி கேளு."

ஊசி இறங்கியது. அடுப்பு. நாற்காலி. பிறகு நாற்பது பெண்கள் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். பாட்டு தொடங்குவதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"என்ன கேட்டுச்சு?"

"எல்லாரும் மூச்சு இழுத்தாங்க."

"எல்லாருக்கும் ஒரு துளி முன்னாடி ஒருத்தி இழுத்தா. இடப்பக்கம். கிட்டத்துல." மறுபடி வைத்தார். "கேளு."

கேட்டாள். ஆமாம். ஒரு மூச்சு. மற்ற எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில், யாரோ காதோரம் நிற்கிற மாதிரி.

"அது யாரு?" என்றாள்.

"யாருன்னா கேக்கற? கல்யாணமான நாள்லேர்ந்து பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? மொதல்ல போட்டப்பவே எங்கேயோ கேட்ட மூச்சா இருக்கேன்னு பட்டுது. பனி வாரும்போதுதான் மண்டைல உறைச்சுது."

"அது ஏங்க அவ்வளவு கிட்டத்துல கேக்குது?"

தெத்சுரோ பின்மண்டையைச் சொறிந்தார். அறுபது வயது ஆளுக்குக் கழுத்துவரை சிவந்தது. "இடது மைக்கை உன் மூஞ்சிக்கு நேரா திருப்பி வெச்சேன். உங்க டீச்சர் அந்தப் பக்கம் பாத்துட்டிருந்தப்ப. இந்தத் தட்டுல இடப்பக்கம் எப்பவும் கோணலா இருக்குன்னு ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன், பாவம் ஓகுச்சியைத் திட்டினேன். நாப்பது பேர்ல பாடாத ஒருத்தியாப் பாத்து மைக்கை நீட்டின மடையன் நான்தான்!"

கினுயோவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். இருவரும் அந்தக் குளிரில் பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"அப்ப கம்பம்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கம்பம் எதுக்கு? இதுக்கு மேல கிட்டத்துல வந்தா என் கழுத்துல வந்து மூச்சு விடுவ. நாளைக்கே கொத்தனாருக்கு போன் போடு, குளியலறையைப் பாக்கட்டும்."

இந்தத் தடவை ஊசியைத் தூக்காமல் தட்டை ஓட விட்டார். கினுயோ அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டே போனாள். முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரிக்கு முன்னால் மறுபடி அந்த மூச்சு. மூன்றாம் வரிக்கு முன்னாலும். சின்ன மூச்சு இல்லை. நெஞ்சு நிறைய, வயிறுவரை இழுத்த மூச்சு. ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் முந்திக்கொண்டு இழுத்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

வாயை மட்டும் அசைக்கிறவளுக்கு அவ்வளவு மூச்சு எதற்கு?

அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்வாரி பிடித்த கை, இன்னும் ஜில்லென்று இருந்தது.

"ஏங்க" என்றாள். "ஒவ்வொரு வரிக்கும் நான் பாடத்தாங்க மூச்சு இழுத்திருக்கேன்."

தெத்சுரோ தலையை ஆட்டினார். அடுத்த வரி வந்துகொண்டிருந்தது, இருவரும் காத்திருந்தார்கள்.